குழாயின் மறுமுனை

சென்ற தை மாதம் ஒரு கல்லூரி மாணவர் மன்றத்திலிருந்து இரண்டு இளைஞர்கள் பசுமலைக்கு என் வீடு தேடி வந்தார்கள். ஆண்டு விழாவில் பட்டிமன்றம் வைத்திருப்பதாகவும், நான்தான் நடுவராக இருக்கவேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார்கள். தலைப்பு: 'விஞ்ஞானத்தால் வாழ்வு வளம் பெற்றதா, வறண்டு போயிற்றா?' மதுரைக்காரனிடம் பட்டிமன்றம் என்று சொன்னால் பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்துவிடுவான். எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் என்ன நடக்கும் என்பது முன்கூட்டியே தெரிந்திருந்தது. ஓர் அணி கணிப்பொறியையும் கண் ஆபரேஷனையும் சொல்லும். மற்றோர் அணி பிளாஸ்டிக் பையையும் லாரிப் புகையையும் சொல்லும். கடைசியில் நடுவர் எழுந்து, விஞ்ஞானம் ஒரு கத்தி, கனியும் வெட்டலாம், கழுத்தும் வெட்டலாம் என்று ஆரம்பிப்பார். அந்தக் கத்தியை எத்தனை மேடைகளில் எத்தனை பேர் தீட்டிவிட்டார்கள்! உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அவர்கள் படியிறங்கிக்கொண்டிருக்கும்போதே மொட்டை மாடித் தொட்டி நிரம்பி வழிந்தது. உள்ளே ஓடிப்போய் மோட்டாரை நிறுத்தினேன். திரும்பி வந்தபோது பக்கத்து வீட்டு அக்கா இடுப்பில் ஒரு பிளாஸ்டிக் குடத்தோடு தெருமுனைக் குழாய்க்குப் போய்க்கொண்டிருந்தார். ஆகையால் உடம்பு சரியில்லை என்று நான் சொன்னது முழுப் பொய்யும் அல்ல. அந்த அக்காவைப் பற்றிப் பிறகு சொல்லுகிறேன். எனக்குத் தெரிந்த தொழில் நாவல். அதைப் பற்றி முதலில் பேசிவிடுகிறேன்.

என் குறை இதுதான். தமிழ் நாவலில் யந்திரம் வருகிறதென்றால் ஒன்று அது திறப்பு விழாவாக வருகிறது, அல்லது சாவாக வருகிறது. அணை கட்டினால் ஊர் மூழ்க வேண்டும். மில் வந்தால் யாருக்காவது கை போக வேண்டும். மின்சாரம் வந்தால் ஊரே கூடி வாய் பிளக்க வேண்டும். மறுநாள் காலையில் எந்த வேலை குறைந்தது, யாருடைய இடுப்புக்கு எந்தப் பாரம் மாறிற்று என்று கணக்குப் பார்க்கிற நாவல்கள் விரல்விட்டு எண்ணும்படியாகவே இருக்கின்றன. அதைவிடப் பெரிய குறை, ஒரே குழாயின் இரண்டு முனைகளையும் நாம் சேர்த்துப் பார்ப்பதில்லை. தண்ணீர் போன ஊரில் நின்று அழுகிற எழுத்தாளர் உண்டு. தண்ணீர் வந்த ஊரில் நின்று பாடுகிறவரும் உண்டு. நடுவில் நடந்து போனவர் யார்?

இதை எழுதும் எனக்கு இந்த ஊரைவிடத் தோதான இடம் வேறு கிடையாது. பசுமலை என்றதும் வெளியூர்க்காரர்கள் பசுமையான மலை என்று எண்ணிக்கொண்டு வந்து, மொட்டைப் பாறையைப் பார்த்து ஏமாந்து போகிறார்கள். இது பச்சை அல்ல, பசு. சமணர் ஏவிய மாயப் பசு இறந்து மலையாயிற்று என்பது திருவிளையாடல் கதை. அந்தப் பாறைமேல் ஏறி நின்றால் ஒரு பக்கம் மாடக்குளம் கண்மாய், இன்னொரு பக்கம் திருப்பரங்குன்றம், நடுவே திருமங்கலம் போகிற ரஸ்தாவும் ரயில் பாதையும். மில் சங்குக்கு எழுந்து, மில் சங்குக்கு உண்டு, மில் சங்குக்கு உறங்கிய குடும்பங்கள் இந்தப் பக்கத்தில் ஏராளம். திருநகருக்கு அடுத்தாற்போல் ஹார்விப்பட்டி என்று ஓர் ஊரே இருக்கிறது. 1892-ல் மதுரையில் மில் வைத்த ஹார்வி சகோதரர்களின் பெயரில் தொழிலாளருக்காக எழுந்த குடியிருப்பு அது. யந்திரம் ஓர் ஊரைப் பெற்றுப் பெயரும் வைத்துவிட்டது.

மலைமேல் நிற்கும்போது கண்ணில் படுகிற பச்சையை 'இயற்கை' என்று சொல்ல எனக்கு இப்போதெல்லாம் நாக்கு கூசுகிறது. 1876 முதல் 78 வரை நடந்த தாது வருஷப் பஞ்சம் இந்தச் சீமையை எப்படி வாட்டிற்று என்பது பாட்டிமார் வழியாக நமக்கு வந்து சேர்ந்த விஷயம். மேற்கே அரபிக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்த பெரியாற்றைத் தடுத்துக் கிழக்கே திருப்ப வேண்டும் என்பது அதற்கும் முந்திய யோசனை. 1886-ல் திருவிதாங்கூரோடு 999 வருஷத்துக்கு ஒப்பந்தம் போட்டு, பென்னிகுவிக் என்ற ராணுவ என்ஜினீயர் 1895-ல் சுண்ணாம்பும் செங்கல்பொடியும் குழைத்த சுர்க்கிக் கலவையில் அணையை எழுப்பி, மலையைக் குடைந்து ஒரு மைலுக்கு மேல் சுரங்கம் வெட்டினார். வேலை செய்தவர்களில் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் போனவர்கள் பலர். அந்தத் துளை வழியாக வந்த தண்ணீரால்தான் பேரணையிலிருந்து கள்ளந்திரி வரையில் இரண்டு போகம் விளைகிறது. நாம் கிராமியக் கதை எழுதும்போது பின்னணியில் தீட்டுகிற நாற்றங்கால் இருக்கிறதே, அதில் பாதி என்ஜினீயர் போட்ட கோலம். யந்திரம் வருவதற்கு முன்பு இங்கே எல்லாம் சுகமாக இருந்தது என்று எழுதுகிறவர்கள் எந்த வருஷத்துக்கு முன்பு என்று சொல்லிவிட்டால் நல்லது.

யந்திரத்தை ஒரு சின்னமாக மட்டும் வைத்து எழுதலாகாதா என்று கேட்கலாம். தாராளமாக எழுதலாம். தாகூர் 1922-ல் 'முக்த தாரா' நாடகத்தில் அப்படித்தான் செய்தார். ஆற்றை மறித்து ராஜாவின் யந்திரக்காரன் கட்டிய அணையை இளவரசன் உடைத்துத் தன் உயிரையும் கொடுக்கிறான். நாடகத்துக்கு அது போதும். மேடையில் அணைக்கு மதகு எத்தனை என்று யாரும் கேட்கமாட்டார்கள். நாவல் வேறு ஜாதி. நாவலுக்கு மதகு எத்தனை, யார் சாவி வைத்திருக்கிறார், கடைமடைக்கு எத்தனாவது நாள் தண்ணீர் சேர்ந்தது என்பதெல்லாம் வேண்டும். சின்னத்தைக் கொண்டுவந்து நாவலில் நட்டால் அது வேர் பிடிப்பதில்லை.

நம் பக்கத்து அணையைப் பற்றிய நாவல் என்றால் வைரமுத்துவின் 'கள்ளிக்காட்டு இதிகாச'த்தைச் சொல்லவேண்டும். 2001-ல் ஆனந்த விகடனில் தொடராக வந்து, 2003-க்குரிய சாகித்ய அகாதெமி பரிசும் பெற்றது. ஆண்டிபட்டிக்குப் பக்கத்தில் வைகை அணை 1959 ஜனவரியில் காமராஜரால் திறக்கப்பட்டது. அதற்காக மண்ணைக் கொடுத்துவிட்டு வெளியேறிய ஜனங்களின் கதை அது. ஆசிரியரே சிறு பிராயத்தில் அணைக்கு ஊரைக் கொடுத்துவிட்டு வடுகபட்டிக்குக் குடிபோன குடும்பத்தைச் சேர்ந்தவர். ஆகவே பேயத்தேவரின் துக்கத்தில் பொய் இல்லை. அந்த மண்ணின் பேச்சும், பண்டபாத்திரமும், ஆடுமாடும் கண்ணில் நிற்கின்றன. நடை சில இடங்களில் கவியரங்கத்தில் இருப்பதாக நினைத்துக்கொண்டு குரலை உயர்த்திவிடுகிறது. அதைக் கழித்துவிட்டாலும் மிஞ்சுவது பெரிது.

எனக்குள்ள மனத்தாங்கல் வேறு. புத்தகத்தை மூடிவைத்துவிட்டு எழுந்துபோய்க் குழாயைத் திருகினேன். தண்ணீர் வந்தது. மதுரைக்கு வைகை அணையிலிருந்து குழாய்போட்டுக் குடிநீர் கொண்டுவருகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். பேயத்தேவரின் வீடு மூழ்கியதே, அந்தத் தண்ணீரைத்தான் நான் காப்பிக்குக் கொதிக்க வைத்துக்கொண்டிருக்கிறேன்! இந்த எண்ணம் நாவலில் எனக்குக் கிடைக்கவில்லை. நாவலுக்கு வெளியே, என் அடுக்களையில்தான் கிடைத்தது. அது ஆசிரியரின் குற்றம் என்று சொல்லமாட்டேன். மூழ்கியவன் மூழ்கியதைத்தான் எழுதுவான். குடிக்கிறவனல்லவா மற்ற பாதியை எழுதவேண்டும்? மதுரையில் எங்களைப் போல எத்தனை எழுத்தாளர்கள் அந்தத் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருக்கிறோம்!

வைகை அணை என்றதும் இந்தத் தலைமுறைக்கு நினைவு வருவது தெர்மாகோல். 2017 ஏப்ரலில் நீர் ஆவியாவதைத் தடுப்பதற்கென்று அணையின்மேல் தெர்மாகோல் பலகைகளை ஒட்டி மிதக்கவிட்டார்கள். சிறிது நேரத்தில் காற்று அத்தனையையும் கரைக்குத் தள்ளிவிட்டது. நாடே சிரித்தது, நானும் சிரித்தேன். ஆனால் நீரை மூடிவைக்கும் யோசனை பைத்தியக்காரத்தனம் அல்ல. 2015-ல் அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக் குடிநீர்த் தேக்கம் ஒன்றில் 9 கோடியே 60 லட்சம் கறுப்புப் பந்துகளை மிதக்க விட்டார்கள். வெயில் பட்டுத் தண்ணீர் கெட்டுப்போகாமல் இருக்க, ஆவியாவதும் குறைய. இங்கே விட்டுப்போனது காற்று. ஒரு நல்ல ஹாஸ்ய எழுத்தாளர் அந்தக் காற்றை மட்டும் கதாபாத்திரமாக வைத்து ஒரு கதை எழுதலாம்.

ராஜம் கிருஷ்ணன் 1963-ல் எழுதிய 'குறிஞ்சித் தேன்' வேறு விதம். மின்சாரத் துறைப் பொறியாளரின் மனைவியாக ஊர் ஊராகப் போய் வாழ்ந்தவர் அவர். நீலகிரிப் படகர்களின் சாமையும் எருமையும் போய்த் தேயிலையும் ரொக்கமும் வந்தபோது அண்ணன் தம்பிக்கு நடுவில் என்ன வந்தது என்று பார்த்தார். ஒரு பயிர் மாறினால் பந்தியில் உட்காரும் வரிசை மாறுகிறது. பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கும் கண் மாறுகிறது. இதைத்தான் நான் மறுநாள் காலைக் கணக்கு என்று சொல்லுகிறேன். சில இடங்களில் கதையை நிறுத்திவிட்டு விவரம் சொல்லுகிறார் என்பது வாஸ்தவந்தான். விவரமே இல்லாத உருக்கத்தைவிட எனக்கு அது தேவலை. 1932-ல் பைக்காராவில் மின்சாரம் எடுக்க ஆரம்பித்த நாளிலிருந்து அந்த மலையின் அருவிகள் சமவெளியின் மில்லையும் விளக்கையும் ஓட்டிவந்திருக்கின்றன. நாம் ஸ்விட்சைத் தட்டும்போது மலையில் யாருடைய எருமை எங்கே மேயப் போயிற்று என்று கேட்கத் தோன்றுமானால், அதற்கு இந்த மாதிரி நாவல்தான் காரணமாக இருக்கும்.

எல்லாவற்றிலும் என் மனசுக்கு நெருங்கியது அசோகமித்திரனின் 'தண்ணீர்'. 1973-ல் புத்தகமாயிற்று. சென்னையில் ஒரு தெரு, ஜமுனா, சாயா என்று இரண்டு சகோதரிகள், காற்று மட்டும் வருகிற பம்பு. அணை இல்லை, வெள்ளம் இல்லை, திறப்பு விழாவும் இல்லை. பம்பை அடித்து அடித்துக் கை சோர்வதும், குடத்தோடு அடுத்த வீட்டு வாசலில் நின்று முகம் பார்ப்பதும், குழாய்க்காகத் தெருவை வெட்டிப் போட்டுவிட்டுப் போவதும், சாக்கடை குடிநீரில் கலப்பதுந்தான் கதை. ஆனால் நகரத்தின் பூமிக்கடியில் ஓடுகிற இரும்பு முழுவதையும் அவர் நமக்குக் காட்டிவிடுகிறார். ஜமுனாவின் வாழ்க்கை எங்கே அடைபட்டிருக்கிறது என்பதையும் குழாய் எங்கே அடைபட்டிருக்கிறது என்பதையும் அவர் எந்த இடத்திலும் ஒப்பிட்டுப் பேசவில்லை. ஒப்பிட்டிருந்தால் புத்தகம் கெட்டிருக்கும். நாமாக உணர்ந்துகொள்ளுகிறோம்.

விஞ்ஞானக் கதை என்று தனியாக ஒரு வகுப்பு இருக்கிறதே, அதைச் சொல்லவில்லையே என்று வாசகர்கள் கேட்பார்கள். சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வை நான் விகடனில் வாராவாரம் காத்திருந்து படித்தவன். அவர் தாமே என்ஜினீயர். வாக்கு யந்திரம் உருவான வேலையில் பங்கு கொண்டவர். கதை நடக்கும் காலம் 2021. ஜீனோ என்ற யந்திர நாய் படித்தது, பேசிற்று, மனிதர்களைவிட நன்றாக யோசித்தது. அந்த 2021-ம் வந்து போய்விட்டது. திருமங்கலம் பக்கத்தில் என் நண்பர் ஒருவருக்கு ஏழு ஏக்கர் தோட்டம். அவர் திண்ணையில் உட்கார்ந்தபடி செல்போனில் ஓர் எண்ணை அழைக்கிறார். முக்கால் மைலுக்கு அப்பால் கிணற்றில் மோட்டார் ஓடுகிறது. மொபைல் ஸ்டார்ட்டர் என்று பெயர். இதை எந்த விஞ்ஞானக் கதையிலும் நான் படிக்கவில்லை. யந்திர நாயை எதிர்பார்த்த நாம் யந்திரக் கமலையைக் கவனிக்காமல் விட்டுவிட்டோம்.

அந்த நண்பர் சொன்னதைக் கொஞ்சம் விரித்துச் சொல்லவேண்டும். முன்பெல்லாம் த்ரீ பேஸ் கரண்ட் ராத்திரி ஒரு மணிக்கு வரும், இரண்டு மணிக்கு வரும். டார்ச்சும் தடியுமாக வரப்பில் நடந்து போய் ஸ்விட்ச் போட வேண்டும். பாம்புக்குத் தப்பிய கதை எல்லாக் குடும்பத்திலும் ஒன்று இருக்கும். தப்பாத கதையும் இருக்கும். இப்போது போர்வைக்குள் படுத்தபடியே ஸ்விட்ச் போட்டுவிடலாம். இதைப் பெரிய உபகாரம் என்று சொல்லாதவன் இருட்டில் வரப்பில் நடந்தவனல்ல. ஆனால் அவரே இன்னொன்றும் சொன்னார்: "போய் நின்னாக் கிணத்தை எட்டிப் பாப்பம். தண்ணி எங்கன கிடக்குன்னு தெரியும். இப்பப் பாத்து ஆறு மாசம் ஆச்சு."

கமலை இறைத்த காலத்தில் மாடு கிணற்றுக்கும் சேர்த்து மூச்சு வாங்கிற்று. சால் ஏறி இறங்கி, வடம் இழுத்து, பொழுது ஏறும்போது மாடு நுரை தள்ளும், அவிழ்த்துவிடுவார்கள். மறுநாள் காலைக்குள் ஊற்று மறுபடியும் கூடிவிடும். ஆயில் என்ஜினுக்கு நுரை தள்ளாது. கரண்ட் மோட்டாருக்குக் களைப்பே கிடையாது. 1990-க்குப் பிறகு விவசாயத்துக்கு மின்சாரக் கட்டணமும் இல்லை. ஏழை விவசாயி பிழைக்க அது அவசியந்தான், மறுக்கவில்லை. இன்று தமிழ்நாட்டில் விவசாய மின் இணைப்புகள் இருபது லட்சத்துக்கு மேல். இருபது லட்சம் கிணறுகளை எட்டிப் பார்க்க ஆள் வேண்டாமா? கி.ராஜநாராயணனின் 'கரண்ட்' கதையைத் தவிர, அந்தக் கிணற்றடியில் போய் நின்ற கதைகள் எனக்கு அதிகம் நினைவில்லை.

இந்த இடத்தில் ஹார்டியை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1891-ல் வந்த 'டெஸ்' நாவலில் நீராவிக் கதிரடிப்பு யந்திரம் பண்ணைக்கு வருகிற நாள் ஒன்று வருகிறது. டெஸ் யந்திரத்தின்மேல் ஏறி நின்று கட்டை அவிழ்த்து அவிழ்த்துக் கொடுக்கவேண்டும். யந்திரம் நிற்காததால் அவளும் நிற்க முடியாது. கீழே என்ஜின்காரன் ஒருவன், கரிபடிந்து, சுற்றியுள்ள வயலைத் திரும்பியும் பாராமல் நிற்கிறான். அடுத்த பண்ணைக்குப் போகிறவனுக்கு இந்த வயல் எதற்கு? ஹார்டி அவனைத் திட்டவில்லை, பார்க்கிறார், அவ்வளவுதான்.

அந்த என்ஜின்காரனை நான் நேரில் பார்த்திருக்கிறேன். 2003 கோடையில், அவன் திருச்செங்கோட்டு ரிக் லாரியோடு என் வீட்டு வாசலுக்கு வந்தான். அந்த மூன்று நான்கு வருஷங்கள் மழை பொய்த்திருந்தன. எங்கள் தெருவில் எல்லோரும் போர் போட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு நீரோட்டம் பார்த்தவர் உள்ளங்கையில் தேங்காயைப் படுக்கவைத்துக்கொண்டு நடந்தார். அது எழுந்து நின்ற இடத்தில், லட்சக்கணக்கில் விலையுள்ள யந்திரத்தைக் கொண்டுவந்து நிறுத்தினோம். (விஞ்ஞானமா, நம்பிக்கையா என்று பட்டிமன்றம் வைக்கிறவர்கள் அன்று வந்திருக்கவேண்டும், இரண்டும் ஒரே லாரியில் டீ குடித்துக்கொண்டிருந்தன.) ராத்திரி முழுவதும் பாறை அரைபட்டது. தெருவெல்லாம் வெள்ளைப் புழுதி. விடிகிற நேரத்தில் நானூறு அடிக்கு மேல் போனபோது தண்ணீர் பீச்சி அடித்தது. நான் சின்னப் பிள்ளை மாதிரி கைதட்டினேன். லாரிக்காரன் பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போனான்.

பக்கத்து வீட்டில் நாற்பது அடி உறைகிணறு ஒன்று உண்டு. மில் வேலையில் இருந்த காலத்தில் அந்த அக்காவின் வீட்டுக்காரர் வெட்டியது. எங்கள் பாறை நிலத்தில் மேலே சிதைந்த கல்லில்தான் கொஞ்சம் தண்ணீர் தங்கும், கீழே வெடிப்புகள். நானூறு அடியில் ஒருவன் உறிஞ்ச ஆரம்பித்தால் மேலே இருப்பது அந்த வெடிப்பு வழியாக இறங்கத்தான் செய்யும். அடுத்த கோடையில் உறைகிணற்றின் அடிமணல் தெரிந்தது. தெருவில் ஒன்பது போர் இருந்தது. என்னுடையதுதான் குடித்தது என்று யாரும் நிரூபிக்க முடியாது. நானும் அப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

அக்கா என்னிடம் ஒரு வார்த்தை சண்டைக்கு வரவில்லை. 2011-க்குப் பிறகு அரசாங்கத்தில் மிக்ஸியும் கிரைண்டரும் மின்விசிறியும் கொடுத்தார்கள் அல்லவா, அவருக்கும் கிடைத்தது. ஆட்டுக்கல்லின் ருசியைப் பற்றிக் கட்டுரை எழுதுகிற ஆண்களில் நானும் ஒருவனாக இருந்தேன், அந்த நினைப்பில் "கல்லில் ஆட்டினது மாதிரி வருமா அக்கா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "ருசி கிடக்கட்டும் தம்பி. மாவாட்டுறது கையை விட்டுப் போச்சு. தண்ணி தூக்குறது இடுப்புக்கு வந்துருச்சு. இந்தக் கிரைண்டரைக் கழுவ ரெண்டு குடம் வேணும்" என்றார். நான் இவ்வளவு நேரம் விமர்சனம் என்ற பெயரில் சொல்லிவந்தது முழுவதும் அந்த ஒரு பேச்சில் இருக்கிறது.

இன்னொரு நாள் அவர் என் புத்தகத்தையே விமர்சனம் செய்தார். 1987-ல் ஒரு வாரப் பத்திரிகையில் தொடராக வந்த என் நாவல் அது. பெயர் சொல்லி விளம்பரம் தேட வேண்டாம். வறண்ட காட்டில் கதாநாயகன் கடன் வாங்கிப் போர் போடுகிறான். கடைசி அத்தியாயத்தில் தண்ணீர் பீச்சி அடிக்கிறது, மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவருகிறாள், முற்றும். நூற்றுக்கணக்கில் கடிதம் வந்தது. அக்காவும் அதை வாராவாரம் கிழித்துத் தைத்து வைத்துப் படித்தவர். "நல்லாத்தான் எழுதியிருந்தீங்க. ஆனா தண்ணி வந்ததும் முடிச்சுட்டீங்களே தம்பி. மறுநாளு பக்கத்துக் காட்டுக்காரன் கிணத்தை எட்டிப் பாத்திருப்பான்ல?" என்றார். அவர் குரலில் குத்தல் எதுவும் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

முப்பது வருஷமாக அந்த முடிவை எனக்குப் பாராட்டிச் சொன்னவர்கள் எத்தனையோ பேர், பேராசிரியர்கள் இருந்தார்கள். ஒருவருக்கும் பக்கத்துக் காடு கண்ணில் படவில்லை. எனக்கே படவில்லை.

இப்போது பதிப்பகத்தார் அந்த நாவலை மறுபடியும் அச்சிட வேண்டும் என்கிறார்கள். இன்னும் ஓர் அத்தியாயம் சேர்த்துத் தருகிறேன் என்று புரூப்பை வைத்துக்கொண்டிருக்கிறேன். பக்கத்துக் காட்டுக்காரன் காலையில் கிணற்றுக்கு வருகிறான். அவ்வளவுதான் எழுத முடிந்திருக்கிறது. அவனுக்கு ஒரு பெயர் வைக்கவே மூன்று நாள் ஆயிற்று. முதல் பதிப்பில் அவன் இருந்தானே தவிர அவனுக்குப் பெயர் கிடையாது. அந்தப் பக்கத்தைப் போன வாரம் அக்காவிடம் படித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அவுக வீட்டுல பொம்பளைக எத்தனை பேரு? அடுத்த தண்ணி எம்புட்டுத் தொலைவு?" என்று கேட்டார். யோசித்துச் சொல்லுகிறேன் என்றேன்.